கேட்போர் கடன்

பாடுவோர்க்குக் கடமை உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. சுருதி விலகக்கூடாது, சொல் சிதையக்கூடாது, தாளம் தவறக்கூடாது என்று அவர்களிடம் எதிர்பார்க்கிறோம். பாட்டைப் பதிவு செய்து விற்போர்க்கும் கடமை உண்டு என்கிறோம். உழைத்தவர்க்கு உரியதை அவர்கள் கொடுத்தாக வேண்டும். கேட்போர்க்குக் கடமை உண்டா? இந்த வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கேட்பது ஓய்வு, கேட்பது இன்பம், இன்பத்துக்குக் கணக்கு எதற்கு என்று இருந்துவிடுகிறோம்.

முன்னாளில் இந்த எண்ணத்தால் பெருங்கேடு விளையவில்லை. இன்று நிலைமை வேறு. கைத்தொலைபேசியில் நாம் ஒரு பாட்டைத் தொடங்குவதும், பாதியில் தள்ளிவிடுவதும், மீண்டும் கேட்பதும் எங்கோ இருக்கும் கணினியில் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. யாருக்கு ஊதியம், யாருக்கு வாய்ப்பு, எத்தகைய பாட்டு நாளை பிறக்கும் என்பவற்றை அந்த எண்ணிக்கையே பெரிதும் முடிவு செய்கின்றது. பன்னாட்டு இசைப்பதிவுத் தொழிற் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டில் இசைப்பதிவுத் தொழில் உலகெங்கும் ஈட்டிய வருவாய் 29.6 பில்லியன் அமெரிக்க டாலர். அதில் 69 விழுக்காடு இணையவழி இசைச் சேவைகளிலிருந்து வந்தது. கடையில் இசைத்தட்டோ ஒலிநாடாவோ வாங்கிச் சென்றவர் அதை வீட்டில் எத்தனை முறை கேட்டார் என்பது தொழிலுக்குத் தெரியாது. இன்றோ, கேட்கும் செயலே விற்பனையாகிவிட்டது.

கேட்கும் பழக்கம் மாறும்போதெல்லாம் இசைத்தொழிலும் தன் வடிவை மாற்றிக்கொண்டு வந்திருக்கின்றது. அவ்வாறாயின், அம்மாற்றத்தின் நன்மை தீமைகளில் கேட்போர்க்கும் பங்கு உண்டு. அப்பங்கு எத்தகையது, அதனால் நமக்கு நேரும் கடன் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல் உணர்த்தும் நெறி

தமிழில் 'கேள்' என்னும் சொல் சிந்தனைக்குரியது. செவியால் உணர்வது கேட்டல். ஐயம் தோன்றி வினவுவதும் கேட்டல். பெயர்ச்சொல்லாக நிற்கும்போது 'கேள்' என்பதற்கு உறவு, நட்பு என்னும் பொருள்களும் உண்டு. கேளிர் என்றால் உறவினர். கேண்மை என்றால் நட்பு. இவையெல்லாம் ஒரே வேரினவா என்னும் ஆராய்ச்சியை மொழிநூலார்க்கு விட்டுவிடலாம். நம் வழக்கில் இப்பொருள்கள் அருகருகே வாழ்கின்றன என்பதே இங்கு வேண்டுவது. செவி கொடுத்தல், வினவுதல், உறவு கொள்ளுதல் என்னும் மூன்றும் ஒரே ஒலியில் அமைந்திருப்பது நம் மொழி நமக்குத் தந்த வாய்ப்பு.

வள்ளுவர் பொருட்பாலில் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் இடையே, 42ஆம் அதிகாரமாக அதனை வைத்தார். கல்லாமை என்னும் கரையிலிருந்து அறிவு என்னும் கரைக்குச் செல்வோர்க்குக் கேள்வி பாலமாகின்றது என்று அவ்வைப்பு முறைக்கு நாம் பொருள் கொள்ளலாம். நல்லுரைகளால் பண்படாத காது, ஒலியை உணர்ந்தாலும் செவிடே என்பது அவர் கருத்து. வள்ளுவர் அங்குப் பேசுவது அறிவுரைகளைக் கேட்பது பற்றி. இசையைக் கேட்பது பற்றியன்று. ஆயினும், காதில் விழுதல் வேறு, கேட்டல் வேறு என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொது. காதில் விழுவது நம் முயற்சியின்றி நிகழ்வது. கேட்டல் நம் செயல். செயல் என்று ஆனபின் அதற்கு அறமும் உண்டு.

அவையிலிருந்து இசைத்தட்டுக்கு

பாடியவரும் கேட்டவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்த காலத்தில் இந்த அறத்தை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாணர்க்குப் பொற்றாமரையும் விறலியர்க்குப் பொன்மாலையும் வழங்கிய புரவலர்களைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலை மட்டும் பாடி அமையவில்லை. ஆடலாசான், இசையாசான், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என அவ்வரங்கத்துக்கு உழைத்த ஒவ்வொருவர் தகுதியையும் தனித்தனியே எடுத்துரைத்தார். ஒரு கலை பலருடைய உழைப்பு என்பதை அன்றைய அவை அறிந்திருந்தது.

ஒலிப்பதிவு வந்தபின் பாடியவர் முகம் மறைந்தது. 1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதிந்து மீட்கும் கருவியைச் செய்தார். 1887இல் பெர்லினர் தட்டில் பதியும் முறைக்கு உரிமம் பெற்றார். 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் இசைத்தட்டில் பதிக்கப்பட்டது. அந்நாள் பதிவுகளில் அவர் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறி முடிப்பார். தொலைநாட்டில் தட்டை அச்சிடும் தொழிலாளர்க்குப் பாடியவர் இன்னார் என்று தெரிவதற்காக அவ்வழக்கம் ஏற்பட்டது என்பர். காரணம் எதுவாயினும், முகம் மறைந்துபோகும் புதிய உலகில் பெயரையாவது குரலோடு சேர்த்து அனுப்பிய செயலாக அதனைக் காணலாம்.

அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடமே பதிய முடிந்தது. கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நாகசுரம் கேட்டுப் பழகிய சமுதாயம் அது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியை மணிக்கணக்கில் கேட்டவர்கள் இருந்தார்கள். அத்தோடியும் இசைத்தட்டின் சிறு வட்டத்துக்குள் அடங்க வேண்டியதாயிற்று. விரித்துச் சொல்வதே சிறப்பாக இருந்த கலை, சுருக்கிச் சொல்லவும் கற்றுக்கொண்டது.

இதனை இழப்பு என்று மட்டும் கூறுவது நேர்மையாகாது. சபைக் கச்சேரிக்குச் செல்ல வசதியும் வாய்ப்பும் இல்லாதவர் செவிக்கும் அந்த இசை எட்டியது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நாடக மேடையிலிருந்து இசைத்தட்டின் வழியே எண்ணற்ற இல்லங்களுக்குச் சென்றார்கள். கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழர்க்கும் அக்குரல்கள் துணையாயின. கலை சுருங்கிற்று, கேட்போர் வட்டம் விரிந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் இந்த இரண்டையும் ஒருங்கே எடைபோட வேண்டும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. 1948இல் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டு வந்தது. கருவியின் கட்டு தளர்ந்தபின் பாட்டு நீண்டிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. திரைப்பாடல் பெரும்பாலும் மூன்று நான்கு நிமிட அளவிலேயே நின்றது. கருவி விதித்த அளவு அதற்குள் செவியின் பழக்கமாகிவிட்டிருந்தது. கருவி மாறினாலும் அது ஊட்டிய பழக்கம் எளிதில் மாறுவதில்லை. இன்று நாம் ஏற்கும் பழக்கங்களும் இன்றைய செயலிகள் மறைந்தபின் நம் பிள்ளைகளின் செவியில் தங்கியிருக்கும் என்பதை இதனால் உணரலாம்.

கேட்போர் கேட்டதால் விளைந்தவை

கேட்போர் வெறுமனே ஏற்றுக்கொள்பவராக மட்டும் இருந்ததில்லை. அவர்கள் வினவியதால் தொழிலும் கலையும் திசை திரும்பியதுண்டு.

தமிழர் அவைகளில் தமிழ்ப் பாடல்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட நிலையை எதிர்த்து எழுந்தது தமிழிசை இயக்கம். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. இராசா சர் அண்ணாமலைச் செட்டியார், இராஜாஜி, கல்கி முதலியோர் அதற்குத் துணை நின்றனர். இசைக்கு மொழி உண்டா என்று அன்று கடுமையாக வாதிட்டவர்கள் இருந்தார்கள். அவ்வாதத்தின் அடியில் கிடந்தது கேட்போர் உரிமை. கேட்கும் பாட்டின் பொருள் எமக்கு விளங்க வேண்டும் என்று அவையில் அமர்ந்திருப்பவர் கேட்கலாமா? கேட்கலாம் என்று அவ்வியக்கம் விடை கூறிற்று. பாடகர்கள் தமிழ்ப் பாடல்களை மிகுதியாகப் பயின்றனர். புதிய பாடல்கள் எழுந்தன.

இன்னொரு நிகழ்ச்சி இந்தித் திரையுலகைச் சார்ந்தது. 1949ஆம் ஆண்டில் 'மஹல்' என்னும் படம் வெளிவந்தது. அதில் பெரும்புகழ் பெற்ற ஒரு பாடலின் இசைத்தட்டில், பாடியவர் பெயராகக் காமினி என்று அச்சிடப்பட்டிருந்தது. காமினி என்பது கதையில் வரும் பெண்ணின் பெயர். பின்னணி பாடியவர் பெயரை மறைப்பது அந்நாளைய வழக்கம். வானொலியில் அப்பாடலைக் கேட்டவர்கள் இக்குரல் யாருடையது என்று வானொலி நிலையத்தை வினவியதாகவும், அதன்பின் லதா மங்கேஷ்கர் என்னும் பெயர் வெளிப்பட்டதாகவும் கூறுவர். செவியால் கேட்டவர்கள் வாயாலும் கேட்டார்கள். ஒரு பெயர் அதற்கு உரியவரைச் சென்றடைந்தது.

கேட்போர் விருப்பத்தை அதிகாரத்தால் திருத்த முயன்ற கதையும் உண்டு. 1952ஆம் ஆண்டில் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார் பி. வி. கேஸ்கர். திரைப்பாடல்கள் மக்கள் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதிய அவர் காலத்தில், அகில இந்திய வானொலியில் அப்பாடல்கள் ஏறத்தாழ இல்லாமற் போயின. செவ்வியல் இசை முதன்மை பெற்றது. நேயர்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். இந்தியிலும் தமிழிலும் இலங்கை வானொலி பெரும்புகழ் எய்திற்று. 1957இல் இந்திய அரசு திரைப்பாடல்களுக்கு இடமளிக்கும் விவித் பாரதியைத் தொடங்க நேர்ந்தது.

கேஸ்கரின் நோக்கம் உயர்ந்ததாக இருக்கலாம், வழி பிழைத்தது. சுவையைக் கட்டளையால் உண்டாக்க முடியாது. ஆசிரியர்களாகிய நாம் இதனை மறக்கலாகாது. மாணவர் விரும்பும் பாட்டை இழித்துரைத்து நல்ல பாட்டை அவர்கள் நெஞ்சில் ஏற்ற இயலாது. அதே வேளையில், மக்கள் விரும்புவதை அப்படியே அளிப்பதுதான் நேர்மை என்னும் வணிகரின் வாதமும் முழு உண்மையாகாது. விருப்பம் பயிற்சியால் வளர்வது. எதைப் பன்முறை கேட்கச் செய்கிறார்களோ அதை விரும்பக் கற்கிறோம்.

ஒலிநாடாக் காலம்

1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்தியது. இசைத்தட்டை வாங்கியவர் கேட்க மட்டுமே முடிந்தது. ஒலிநாடாவை வாங்கியவர் பதியவும் முடிந்தது. வானொலியில் வரும் பாட்டைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். நண்பரிடம் இரவல் வாங்கிப் படி எடுக்கலாம். தமக்கு விருப்பமான வரிசையில் தொகுத்துக்கொள்ளலாம். எது அடுத்து ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை முதன்முதலாக எளிய மனிதர் கைக்கு வந்தது. விலையும் குறைவு. தோட்டப்புற வீடுகளிலும் நகர்ப்புற அடுக்ககங்களிலும் ஒலிநாடாப் பெட்டி இடம்பெற்றது.

இவ்வுரிமையோடு ஒரு குறையும் வந்தது. கள்ளப் பதிப்புகள் எங்கும் மலிந்தன. ஒலி சற்றுக் குன்றினாலும் விலை குறைவு என்பதால் மக்கள் வாங்கினர். பாட்டு நமக்குக் கிடைத்தது. பாடியவர்க்கும் எழுதியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1987இல் புதிய பதிப்புரிமைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சட்டம் விற்பவரைப் பிடித்தது. வாங்கியவர் மனத்தை எந்தச் சட்டம் தொட முடியும்? கடையில் ஒரு வாழைப்பழத்தைத் திருட அஞ்சும் நல்லவர்கள், திருடிய பாட்டை வாங்கக் கூசவில்லை. பழத்துக்கு உரியவர் கண்முன் நிற்கிறார். பாட்டுக்கு உரியவர் கண்ணில் படவில்லை. முகம் காணாத இடத்தில் அறம் தளர்வது மனித இயல்பு. அவ்வியல்பை வெல்வதற்கே அறக்கல்வி தேவைப்படுகின்றது.

1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் வந்தது. வீட்டின் நடுவே ஒலித்துக் குடும்பம் முழுவதும் கேட்ட இசை, ஒருவர் காதுக்குள் மட்டும் ஒலிக்கத் தொடங்கிற்று. தாத்தா கேட்கும் பாட்டைப் பேரன் விரும்பியோ விரும்பாமலோ கேட்டு வளர்ந்த நிலை மாறலாயிற்று. ஒருவர் சுவைக்குள் மற்றவர் சுவை புகும் வாயில் குறுகியது.

எண்ணிக்கையின் ஆட்சி

1999இல் தோன்றிய நாப்ஸ்டர் என்னும் இணையச் சேவை, உலகெங்கும் உள்ளவர் தம்மிடமுள்ள பாடல்களை விலையின்றிப் பகிர்ந்துகொள்ள வழிசெய்தது. நீதிமன்ற நடவடிக்கையால் 2001இல் அது முடங்கியது. பழக்கம் முடங்கவில்லை. இசைப்பதிவுத் தொழிலின் வருவாய் ஏறத்தாழ 15 ஆண்டுகள் சரிந்துகொண்டே சென்றது. திருட்டைச் சட்டத்தால் மட்டும் ஒழிக்க இயலாது என்று கண்ட தொழில், திருடுவதைவிட எளிதான ஒரு வழியைத் திறந்தது. மாதந்தோறும் ஒரு தொகை கட்டினால், அல்லது விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால், கோடிக்கணக்கான பாடல்களைக் கேட்கலாம். 2008இல் சுவீடனில் சேவையைத் தொடங்கிய ஸ்பாட்டிஃபை, 2013இல் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது.

இந்த ஏற்பாடு நன்மை பல உடையது. கிடைத்தற்கரிய பழம்பாடல்களும் ஒரு நொடியில் செவிக்கு வருகின்றன. ஆயினும், அதன் உள்ளமைப்பை ஆசிரியரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, 30 நொடிக் கணக்கு. அச்சேவையில் ஒரு பாட்டை 30 நொடியேனும் கேட்டால்தான் அது ஒருமுறை கேட்டதாக எண்ணப்படும். அதற்குள் நாம் தள்ளிவிட்டால் பாடியவர்க்குக் கணக்கில் ஒன்றுமில்லை. ஆகவே 30 நொடிக்குள் நம்மைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்னும் நெருக்கடி பாட்டை ஆக்குவோர்க்கு நேர்கின்றது. பொறுமை குறைந்து வந்த செவியோடு பாட்டின் வடிவமும் மாறி வந்ததை ஆய்வுகளும் காட்டுகின்றன. அமெரிக்காவில் 1986 முதல் 2015 வரை முன்னணியில் நின்ற பாடல்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. குரல் தொடங்குமுன் வரும் முன்னிசை, தொடக்கத்தில் சராசரியாக 20 நொடிக்கு மேல் இருந்து, இறுதியில் ஏறத்தாழ 5 நொடியாகக் குறைந்துவிட்டதை அது கண்டறிந்தது. நம் திரைப்பாடல்களில் வயலின்களும் குழலும் முன்வந்து பாட்டுக்குக் களம் அமைத்ததை நினைத்துப் பார்த்தால், இம்மாற்றத்தின் பொருள் விளங்கும்.

இரண்டாவது, பணம் பங்கிடப்படும் முறை. நாம் கட்டும் தொகை நாம் கேட்ட பாடகர்க்கே போகின்றது என்று நம்புவது இயல்பு. பெரும்பாலான சேவைகளில் அப்படி நிகழ்வதில்லை. எல்லாருடைய பணமும் ஒரே குடத்தில் ஊற்றப்பட்டு, மொத்தம் கேட்கப்பட்ட எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிடப்படுகின்றது. கணக்கை எளிதாக்க இருவரை மட்டும் எண்ணிக்கொள்வோம். ஒவ்வொருவரும் 10 வெள்ளி கட்டுகின்றனர். நிறுவனத்தின் பங்கை இங்கே விட்டுவிடலாம். ஒருவர் நம் நாட்டுப் பாடகர் ஒருவரின் பாடலை மட்டும் 10 முறை கருத்தோடு கேட்கிறார். மற்றவர் உலகப் புகழ் பெற்ற பாடல்களை நாள் முழுதும் ஓடவிட்டு 990 முறை கேட்கிறார். மொத்தம் 1000 முறை. குடத்தில் 20 வெள்ளி. நம் நாட்டுப் பாடகர்க்குச் சேர்வது நூற்றில் ஒரு பங்கு, அதாவது 20 காசு. அவரை மட்டுமே கேட்டவர் கட்டிய 10 வெள்ளியில் 9 வெள்ளி 80 காசு, அவர் கேட்டே அறியாத பாடகர்களுக்குச் சென்றுவிடுகின்றது. கேட்பவர் செலுத்திய தொகை அவர் கேட்டவர்க்கே செல்லும் வேறொரு முறையும் உண்டு. சவுண்ட்கிளவுட் என்னும் சேவை 2021இல் அதனை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ஆகவே, வேறு வழியே இல்லை என்று கூறுவதற்கில்லை.

மூன்றாவது, 2024 முதல் ஸ்பாட்டிஃபை ஒரு விதியைக் கொண்டு வந்தது. முந்தைய 12 மாதங்களில் 1000 முறையேனும் கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை கிடையாது. பெரிய மொழிகளில் 1000 என்பது துளி. சிறு சமுதாயத்தின் புதிய பாடகர்க்கு அது மதில்.

எண்ணிக்கை உயர்ந்தால் நீதி தானாக வந்துவிடும் என்றும் கருத முடியாது. 2021இல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் வாழ்வின் நினைவைத் தாங்கிய அப்பாடல், நம் நாட்டுத் தமிழரையும் தொட்டது. 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தமக்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று பொதுவில் தெரிவித்தார். அப்பிணக்கில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. இத்தனை பேர் மகிழ்ந்து கேட்ட பாட்டின் பயன் எங்கே சென்றது என்னும் வினா எழுந்ததே போதிய பாடம்.

எழக்கூடிய மறுப்புகள்

இவையெல்லாம் நிறுவனங்கள் செய்த அமைப்பு. கேட்பவர்மேல் குற்றம் சுமத்துவது முறையா என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. பங்கிடும் விதியை நாம் எழுதவில்லை. அதனைத் திருத்தும் முதற்பொறுப்பு நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் உரியது. 2012இல் இந்தியா தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, திரைப்படங்களுக்குப் பாட்டெழுதுவோரும் இசையமைப்போரும் உரிமத்தொகையில் தமக்குள்ள பங்கை எழுதிக்கொடுத்து இழந்துவிடாதபடி பாதுகாப்புச் செய்தது. சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டமே செய்ய வேண்டும். ஆயினும், பிறர் கடமை பெரிது என்பதால் நம் கடமை இல்லாமற் போய்விடாது.

ஏழை மாணவர் என்ன செய்வார் என்று மற்றொருவர் கேட்கலாம். கட்டணம் கட்ட இயலாதவர் விளம்பரத்தோடு கேட்பதில் தவறேதும் இல்லை. அதுவும் முறையான வழியே. இங்கே வேண்டப்படும் கடன் பெரும்பகுதி பணத்தால் தீர்ப்பதன்று.

உலகில் கோடிக்கணக்கானோர் கேட்கையில் ஒருவர் பழக்கம் எம்மாத்திரம் என்பது மூன்றாவது மறுப்பு. பெருமொழியினர்க்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தும். நமக்குப் பொருந்தாது. ஒரு வகுப்பில் 40 மாணவர் இருக்கின்றனர் என்று கொள்வோம். நம் நாட்டுக் கவிஞர் எழுதி, நம் நாட்டவர் பாடிய ஒரு நல்ல பாடலை ஒவ்வொருவரும் ஓராண்டில் 25 முறை விரும்பிக் கேட்டால், எண்ணிக்கையளவில் 1000 நிறைவுறும். மதில் என்று முன்னர்க் கூறியது ஒரு வகுப்பின் உயரம்தான். சிறிய சமுதாயத்தில் ஒவ்வொரு செவிக்கும் எடை மிகுதி.

இங்குள்ள ஆற்றலுக்கும் சான்று உண்டு. 2006இல் வெளிவந்த யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பு, மலேசிய மண்ணில் உருவாகித் தமிழ்நாட்டு இளைஞரின் செவிகளையும் எட்டியது. அந்நடை எல்லாருக்கும் உவப்பானதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால், பிறர் ஆக்கியதைக் கேட்டு மட்டுமே பழகிய சமுதாயம் தான் ஆக்கியதையும் பிறர் கேட்கச் செய்யலாம் என்பதை அது மெய்ப்பித்தது.

மூவகைக் கடன்

அவ்வாறாயின் கேட்போர் கடன் யாது? 'கேள்' என்னும் சொல்லின் பொருள்களே அதனை வகுத்துக் காட்டும்.

முதற்கடன், செவி கொடுத்தல். படிக்கும்போதும், சமைக்கும்போதும், உறக்கம் வரும்வரையும் பின்னணியாக ஓடும் இசையை விலக்க வேண்டுவதில்லை. உழைப்பின் களைப்பைப் போக்குவதும் இசையின் தொண்டுதான். ஆனால், அதுவே கேட்டலின் முழு அளவு ஆகிவிடலாகாது. நாளில் ஒரு பாட்டையேனும் தொடக்கம் முதல் முடிவு வரை, வேறு வேலையின்றி, கேட்கும் பழக்கம் வேண்டும். முதற் கேள்வியில் பிடிபடாத பாட்டுக்கு இரண்டாம் வாய்ப்பு அளிக்க வேண்டும். புதிய மனிதர் ஒருவரை 30 நொடியில் எடைபோட்டு ஒதுக்குவது பண்பாகாது என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். பாட்டும் ஒரு மனிதரின் பேச்சே.

இரண்டாம் கடன், வினவுதல். இதை எழுதியவர் யார், இசை அமைத்தவர் யார், பாடியவர் யார்? முன்னாளைய வானொலி அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரோடு இவர்கள் பெயரையும் கூறிப் பாட்டை ஒலிபரப்பினர். அதனால் எழுதப் படிக்க அறியாத முதியோரும் கவிஞர் பெயர்களை அறிந்திருந்தனர். இன்று பாடல்கள் காலை நடைக்கு, மழை நாளுக்கு, துயரத்துக்கு என்று மனநிலையின் பெயரால் தொகுக்கப்படுகின்றன. ஆக்கியவர் பெயர் திரையின் மூலையில் ஒடுங்கிவிட்டது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது படைத்தவரும் நிகழ்த்தியவரும் தம் பெயர் குறிப்பிடப்பெறும் உரிமையை வழங்கியுள்ளது. பள்ளி விழாவில் ஒரு பாடலுக்கு மாணவர் ஆடும்போது, அறிவிப்பாளர் அப்பெயர்களைச் சொல்வதற்கு அரை நிமிடம் போதும்.

வினவும் வழக்கம் அழிந்தால் நேரக்கூடியது யாது என்பதற்கு அறிகுறியும் தோன்றிவிட்டது. பிரான்சு நாட்டின் டீசர் என்னும் இசைச் சேவை, தன்னிடம் நாள்தோறும் வந்து சேரும் புதிய பாடல்களில் ஏறத்தாழ 18 விழுக்காடு முழுவதும் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டவை என்று 2025 ஏப்ரலில் அறிவித்தது. பாடுவது யார் என்று கேளாத செவிக்கு, பாட ஒருவர் இருந்தாக வேண்டும் என்னும் தேவையும் இல்லை. மனிதர் பாட்டு வேண்டும் என்று விரும்புவோர், பாடிய மனிதரைத் தேடி அறியவும் வேண்டும்.

மூன்றாம் கடன், கேண்மை. நமக்குப் பயன் தந்தவரோடு உறவு கொள்ளுதல். இயன்றவர் முறையான வழியில் பணம் செலுத்துவதும், நம்மூர்க் கலைஞர் நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்வதும், திருமணங்களில் நாகசுரக் கலைஞரை அமர்த்தும்போது அவர் வாசிப்புக்கு நடுவே செவி கொடுத்து நிற்பதும் கேண்மையே. பணம் இல்லாதவர் நல்ல பாட்டை நான்கு பேருக்கு எடுத்துச் சொல்லலாம். மின்னல் பண்பலை, ஒலி 96.8 போன்ற வானொலிகளுக்கு நம் நாட்டுப் பாடல்களைக் கேட்டு எழுதலாம். நேயர் விருப்பம் என்பது விருப்பத்தைத் தெரிவிக்கும் நேயர் இருந்தால்தான் நடக்கும்.

ஆசிரியர் ஆற்றக்கூடிய பணி இங்கே பெரிது. வாரம் ஒருமுறை 5 நிமிடம் போதும். ஒரு பாடலை முழுவதும் கேட்கச் செய்து, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, எந்த இடத்தில் மனம் நின்றது என்று மாணவரைச் சொல்லச் செய்யலாம். ஒரு வாரம் ஆசிரியர் தேர்ந்த பாடல், மறு வாரம் மாணவர் தேர்ந்த பாடல் என்று மாற்றிக்கொள்வது நலம். அவ்வாறு செய்தால் கேஸ்கர் செய்த பிழை நம்மிடம் நேராது. தலைமுறைகளுக்கிடையே குறுகிப்போன வாயிலும் சற்றுத் திறக்கும். மாணவர் தேர்ந்த பாட்டை ஆசிரியரும் இறுதிவரை பொறுமையோடு கேட்டாக வேண்டும். கடன் என்பது இருபாலார்க்கும் பொது.

இசைத்தொழில் இனியும் மாறும். நாளை எந்தக் கருவி வரும், எந்தக் கணக்கு முறை வரும் என்பது நம் கையில் இல்லை. எந்தக் கருவியானாலும் அதன் மறுமுனையில் ஒரு செவி இருந்தாக வேண்டும். அச்செவி எப்படிக் கேட்கின்றது என்பது அதற்கு உரியவர் பொறுப்பு. நம் மாணவர்க்கு எழுத்தறிவிக்கும் நாம், கேட்கவும் பயிற்றுவோமாக.